கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்: வினாப்பட்டியலும் நம் வீட்டுத் தமிழும்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதித் தமிழ் அன்பர்கள் சிலர் கூடி, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்குவது என்று முடிவு செய்தோம். அதற்கு முன்னால் நம் வீடுகளில் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே மாலையில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடாகக் கொடுத்தோம். முதல் கேள்வி இதுதான்: ‘உங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா? ஆம் / இல்லை.’

வந்த தாள்களில் எல்லாம் ‘ஆம்’ என்றே இருந்தது. எங்களுக்கோ ஏக சந்தோஷம். பிள்ளைகள் பேசுகிறார்கள், எழுதப் படிக்க மட்டும்தான் தெரியவில்லை என்று கணக்குப் போட்டு, நேராக அரிச்சுவடியிலிருந்து பாடத்தை அமைத்தோம். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் பாடம் எடுத்த அம்மையார் என்னிடம் வந்து, “சார், ‘அ’ எழுதச் சொல்லித் தர்றது அப்புறம் இருக்கட்டும். ‘நோட்டைத் திறந்து வை’ன்னு சொன்னா பாதிப் பிள்ளைங்களுக்குப் புரியலையே!” என்றார். சில மாதங்களில் வகுப்பு தேய்ந்து நின்றுபோனது.

பெற்றோர் பொய் சொன்னார்களா? இல்லை. பிழை என் கேள்வியில் இருந்தது. இத்தனை ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகளில் சிவப்பு மையால் திருத்திய பிழையை நானே செய்திருந்தேன். அந்தப் பிழையிலிருந்து நான் கற்றதையும், இத்துறையில் பெரியவர்கள் செய்து பார்த்ததையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் வினாப்பட்டியலோடு அலைகிறார்கள். அவர்களுக்கும் இது உதவக்கூடும்.

வினாப்பட்டியல் என்பது என்ன?

பலரிடம் ஒரே கேள்விகளை, ஒரே சொற்களில், ஒரே வரிசையில் கேட்டு, வரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கருவியே வினாப்பட்டியல். இலங்கைத் தமிழர் இதை வினாக்கொத்து என்று அழகாகச் சொல்வார்கள். தராசுக்கு எடைக்கல் எப்படியோ, சமூக ஆய்வுக்கு வினாப்பட்டியல் அப்படி. கல் குறைந்தால் எத்தனை முறை நிறுத்தாலும் எடை தப்புதான்.

இதில் இரண்டு வகை உண்டு. பதில் சொல்பவர் தாமே எழுதித் தருவது ஒன்று. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் தம் நாட்டு அறிவியலாளர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில்களைத் தொகுத்து 1874-இல் நூலாக வெளியிட்டது இவ்வகைக்குப் பழைய உதாரணம். கேள்வி கேட்பவர் நேரில் வந்து, பதிலைத் தாமே குறித்துக்கொள்வது மற்றொன்று. இதற்கு ‘ஷெட்யூல்’ என்று பெயர். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த இரண்டாம் வகையிலேயே வளர்ந்தது. எழுத்தறிவு குறைவாக இருந்த நாட்டில் அதுதான் பொருத்தம். முதல் வகையில் கேள்வி புரியாவிட்டால் விளக்க ஆள் இல்லை. இரண்டாம் வகையில் விளக்க ஆள் உண்டு, ஆனால் அந்த ஆளின் முகமே பதிலை மாற்றிவிடும். இரண்டிலும் லாப நஷ்டம் உண்டு.

நன்னூல் சொல்லும் ஆறு வினா

நம் வகுப்பு தோற்ற பிறகு, என் பள்ளிக்கூடப் பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினா ஆறு வகை என்கிறார். கங்கர் குலத்துச் சிற்றரசன் சீயகங்கன் வேண்டியபடி 13-ஆம் நூற்றாண்டையொட்டி எழுந்த நூல் அது. அந்தக் கங்கர் மரபின் பழைய தலைநகரம் நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலார்தான். ஆகவே இந்த மண்ணுக்கும் நன்னூலுக்கும் உறவு உண்டு என்று பெங்களூர்த் தமிழர் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பவை அந்த ஆறு. இவற்றைக் கேள்வியின் சொல்லை வைத்துப் பிரிக்கவில்லை, கேட்பவரின் உள்நோக்கத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பதில் சொல்பவரும் அந்த நோக்கத்தை மோப்பம் பிடித்துத்தான் பதில் சொல்கிறார். இதுதான் வினாப்பட்டியல் கலையின் அடிப்படை.

தனக்குத் தெரிந்ததையே பிறருக்குத் தெரியுமா என்று சோதிப்பது அறிவினா. பரீட்சைக்கு அது சரி. வீட்டு வாசலில் நின்று அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் கூசிப் போவார், அல்லது தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வார். ஐயவினா ‘இதுவா, அதுவா’ என்று கேட்பது. ‘வீட்டில் தமிழா, இங்கிலீஷா?’ என்று கேட்டால், சமையலறையில் தமிழும் வீட்டுப்பாடத்தில் ஆங்கிலமும் வாசலில் கன்னடமும் பேசும் குடும்பம் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும்?

கொளல்வினா கடைக்குப் போய் ‘அரிசி இருக்கிறதா?’ என்று கேட்பது போல, ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது. விற்பனைக்காரர்கள் ‘சர்வே’ என்ற பெயரில் போன் நம்பர் வாங்கிப் போவதால், இன்று யார் சர்வே என்றாலும் ஜனங்கள் கதவைச் சாத்துகிறார்கள். கொடைவினா கொடுப்பதற்காகக் கேட்பது. ‘உங்களுக்கு ரேஷன் கார்டு இருக்கா?’ என்று ஒரு புதியவர் கேட்டால், ஏதோ கிடைக்கப்போகிறது என்று எளியவர் நினைப்பதில் தப்பில்லை. அந்த எதிர்பார்ப்பு பதிலிலும் கலந்துவிடும்.

கடைசியாக ஏவல்வினா. ‘வீட்டுப்பாடம் எழுதிட்டியா?’ என்று அம்மா கேட்டால் அது தகவல் கேட்பதல்ல, ‘போய் எழுது’ என்ற கட்டளை. தமிழ் அன்பர்கள் நால்வர் வேட்டி சட்டையோடு வாசலில் வந்து நின்று ‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?’ என்று கேட்டால் அதுவும் ஏவல்வினாதான். ‘பேச வேண்டும்’ என்று அதற்குள் அதட்டல் இருக்கிறது. ‘இல்லை’ என்று சொல்ல எந்தத் தமிழருக்கு மனம் வரும்? ஆய்வு என்றால் ஆறில் ஒன்றுதான் வேண்டும்: அறியாவினா. எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற பணிவோடு கேட்பது.

சொல் ஒன்று மாறினால்

இது உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல. அமெரிக்காவில் டொனால்டு ரக் என்பவர் 1941-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் புள்ளியியல் ஆசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்வோம். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சை ‘அனுமதிக்க வேண்டுமா?’ என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 62 சதவீதத்தினர் அனுமதிக்கக் கூடாது என்றனர். அதே பேச்சைத் ‘தடை செய்ய வேண்டுமா?’ என்று இன்னொரு பகுதியினரிடம் கேட்டார்கள். 46 சதவீதத்தினரே தடை வேண்டும் என்றனர். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றேதான். ஆனால் ‘தடை’ என்ற சொல்லின் கடுமை பலரைத் தயங்க வைத்துவிட்டது.

நம் நாட்டுக் கணக்கெடுப்பிலும் இதைப் பார்க்கலாம். 1881-இல் தாய்மொழி என்று கேட்டார்கள். 1891-இல் பெற்றோர் மொழி என்ற பொருளில் கேட்டார்கள். 1901-இல் சாதாரணமாகப் பேசும் மொழி எது என்ற பொருளில் கேள்வி அமைந்தது. அல்சூரில் வளரும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா கோலார்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம், அப்பா வேலூர்த் தமிழர், பள்ளியிலும் விளையாட்டிலும் கன்னடமும் ஆங்கிலமும். மேற்படி மூன்று கேள்விக்கும் அந்தப் பிள்ளை மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் உண்மையாகவே இருக்கும்!

2011 கணக்கெடுப்பில் வகுத்த விளக்கம் தெளிவானது: ஒருவரிடம் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் பேசிய மொழியே தாய்மொழி. தாய் இளமையிலேயே இறந்திருந்தால், அக்காலத்தில் வீட்டில் முக்கியமாகப் பேசிய மொழி. பிள்ளை இன்று எதைப் பேசுகிறது என்பதல்ல கேள்வி. இந்த விளக்கத்தின்படி கர்நாடகத்தில் 21 லட்சத்துக்கும் சற்று மேற்பட்டோர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பேசவில்லை என்றும் பொருள் இல்லை. அந்தக் கேள்வி அதைக் கேட்கவே இல்லை.

கன்னடத்தில் இந்த வேறுபாட்டுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. தாய்மொழி ‘மாத்ருபாஷெ’, வீட்டில் புழங்கும் மொழி ‘மனெமாத்து’. 1983-க்கான ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதைக்குத் தந்தை போன்றவர். அவருடைய மனெமாத்து தமிழ். இரண்டு சொல்லையும் ஒன்றாகக் குழப்பினால் மாஸ்தியையே எந்தப் பக்கம் எண்ணுவது என்று தெரியாமல் போகும்.

பதில் சொல்வது வாய் மட்டுமல்ல

தாய்மொழிக் கேள்விக்குப் பதிலாக வருவது சில சமயம் புழக்கமல்ல, பற்று. சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1981-இல் 6,106 பேர். 1991-இல் 49,736 பேர். 2001-இல் 14,135 பேர். 2011-இல் 24,821 பேர். எந்த மொழியும் பத்தாண்டில் எட்டு மடங்கு பெருகி, அடுத்த பத்தாண்டில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்காது. மாறியது பேச்சு அல்ல, தன்னை எப்படி அடையாளம் காட்டிக்கொள்வது என்ற எண்ணம்.

1951-இல் பஞ்சாப் பகுதியில் இது முற்றிப்போயிற்று. மொழி விவரத்தில் அரசியல் சண்டை புகுந்துவிட்டதால், இந்தி, உருது, இந்துஸ்தானி, பஞ்சாபி, பஹாரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் வெளியிட முடிந்தது. கேட்பவர் யார், பதில் எங்கே போகும் என்ற கவலை வந்துவிட்டால் கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பெங்களூர்த் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவர நாட்களைக் கண்டவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று ‘உங்க மாத்ருபாஷெ யாவுது?’ என்று கேட்டால் ஒரு நொடி நெஞ்சு நிற்கும். அதே தெருவில் நமக்குக் கதவு திறந்து வைத்த கன்னட அண்டை வீட்டாரையும் மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு நொடித் தயக்கம் பதிலில் ஏறிவிடும். அதனால்தான் எந்த வினாப்பட்டியலின் தலைப்பிலும் மூன்று செய்தி இருக்க வேண்டும்: கேட்பது யார், எதற்காக, பதிலை யார் பார்ப்பார்கள். அரசுக் கணக்கெடுப்பில் இதற்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனிநபர் சொன்ன விவரத்தை மற்றவர் பார்க்க உரிமையில்லை. வழக்குகளில் அதைச் சாட்சியமாகக் காட்டவும் முடியாது.

நினைவு என்னும் சல்லடை

‘போன மாதம் எவ்வளவு காய்கறி வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் பேராசிரியர் மகலனோபிஸ் வழிகாட்டுதலில் தொடங்கிய நாள் முதல் இந்தக் கேள்வி அதைத் துரத்துகிறது. 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில் உணவுச் செலவை ‘கடந்த 7 நாளில்’ என்றும் ‘கடந்த 30 நாளில்’ என்றும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டார்கள். முதல் பதிலை வைத்தே இரண்டாவது பதிலைப் பலர் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கக் கூடும் என்று பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். வறுமை 1993-94-இல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது என்று அந்தச் சுற்றின் அடிப்படையில் வந்த முடிவில், எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வியின் விளைவு என்று பல ஆண்டு விவாதம் நடந்தது. கோடிக்கணக்கான ஏழைகளின் கணக்கு, ஒரு தாளில் இரண்டு கட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. ‘சின்ன விஷயம்தானே’ என்று வினாப்பட்டியலை நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ என்று கேட்காமல், அண்மையில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். ‘நேற்று’ என்பது நல்ல சொல். நேற்றைப் பற்றிப் பொய் சொல்வதும் கொஞ்சம் சிரமம்.

பெல்லாரி ரோட்டில் பிறந்த நல்ல கேள்வி

நல்ல கேள்வி நாட்டுக்கே வழி காட்டியதற்கும் உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 1959-இல் பெங்களூர் பெல்லாரி ரோட்டில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கியது. அப்போது பலருடைய எண்ணம், கிராமத்து ஜனங்களுக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது, நாமே எக்ஸ்ரே வண்டியோடு போய்த் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது. அந்த நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் இருவரும் துமகூரு மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்து 1963-இல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் விஷயத்தை மூன்று படியாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடம்பில் என்ன தொந்தரவு இருக்கிறது என்பது முதல் படி. அதைப் பற்றிக் கவலைப்படுகிறாரா என்பது இரண்டாம் படி. அதற்காக என்ன செய்தார், எங்கே போனார் என்பது மூன்றாம் படி. ‘உங்களுக்குக் காசநோய் பற்றித் தெரியுமா?’ என்று ஒரே கேள்வியில் முடித்திருந்தால் ‘தெரியாது’ என்று எழுதி வந்திருப்பார்கள். மூன்று படியாகப் பார்த்ததில், நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் தொந்தரவை அறிந்தே இருந்தார்கள் என்பதும், பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்கள் என்பதும் வெளிவந்தது. அங்கேதான் அவர்களுக்கு இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அறியாமை என்று நாம் நினைத்தது ஜனங்களிடம் இல்லை, மருத்துவ ஏற்பாட்டில் இருந்தது! இருமலோடு தானாக வருபவரைச் சாதாரண ஆஸ்பத்திரியிலேயே சோதித்துச் சிகிச்சை தருவது என்ற நாட்டுத் திட்டத்துக்கு இந்த நிறுவனத்தின் ஆய்வுகளே அடித்தளமாயின.

பெரிய கேள்வியைச் சிறு படிகளாக உடைக்க வேண்டும். மனத்தில் இருப்பதையும் செய்ததையும் தனித்தனியே கேட்க வேண்டும். இந்த ஆய்வு நமக்குத் தரும் பாடம் இது.

எட்டு விடையும் இரண்டு கட்டமும்

வினாவைப் போலவே விடையையும் நன்னூல் எட்டாக வகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. நம் தாளில் ‘ஆம் / இல்லை’ என்று இரண்டு கட்டம் போடும்போது நேர் விடைக்கும் மறை விடைக்கும் மட்டும்தான் இடம் கொடுக்கிறோம். மீதி ஆறும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

வகுப்பு நின்ற பிறகு, அதே வீடுகளுக்குத் தாள் இல்லாமல் போய் உட்கார்ந்து பேசினேன். ஒரு பாட்டியம்மாவிடம் பழைய கேள்வியையே கேட்டேன். “நாங்க பேசறோம்ப்பா. பேரன் பதில்தான் இங்கிலீஷ்ல வருது” என்றார். இது நேர் விடையும் அல்ல, மறை விடையும் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்லும் உற்றது உரைத்தல். இன்னொரு வீட்டில் ஒரு தாய், “இவன் ஸ்கூல்ல கன்னடம் செகண்ட் லாங்குவேஜ். இப்ப தமிழையும் திணிச்சா மார்க் குறையாதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். வினா எதிர் வினாதல். அந்த இரண்டு பதிலிலும் இருந்த செய்தி, என் பன்னிரண்டு கேள்விகளிலும் இல்லை.

ஆகவே முதலில் சிலரிடம் தாராளமாகப் பேசவிட்டுக் கேட்பது, அவர்கள் சொன்ன சொற்களைக் கொண்டே கட்டங்களை அமைப்பது என்பதுதான் சரியான வரிசை. கட்டங்களின் கடைசியில் ‘வேறு, சொல்லவும்’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோல், ‘மிகவும் ஒப்புகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை, இன்றும் எல்லா ஆய்விலும் இருக்கிறது. தமிழில் அதைப் போடும்போது நடுவில் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஒருவருக்குப் பரவாயில்லை என்றால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். இன்னொருவருக்கு, ஏதோ சகித்துக்கொள்கிறேன் என்று பொருள்.

மொழிபெயர்ப்பிலும் இதே ஆபத்துதான். ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்ஹோல்ட்’ என்றிருப்பதைக் ‘குடும்பம்’ என்று தமிழில் போட்டு, எத்தனை பேர் என்று கேட்டால், அமெரிக்காவில் இருக்கும் மகனையும் சேலத்தில் இருக்கும் தம்பியையும் சேர்த்துச் சொல்வார்கள். கணக்கெடுப்பின் பொருள் ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்கள் என்பது. ‘இந்த வீட்டில் ஒரே உலையில் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்?’ என்று கேட்டால் சரியான எண் வரும். மொழிபெயர்த்த தாளை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மூலமொழிக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். கோளாறு இருந்தால் தெரிந்துவிடும்.

யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது

கேள்வி நன்றாக இருந்து ஆள் தவறினாலும் வீண்தான். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-இல். பத்திரிகை முகவரி எடுத்தது டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும். அந்தப் பஞ்ச காலத்தில் அந்த இரண்டும் இல்லாத ஏழைகளைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள். பதில் அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்களும் ஒரு பக்கத்தாரே.

நாங்களும் அதையே செய்தோம். சங்கத்துக்கு வந்து போகும் குடும்பங்களையும், தெரிந்த அப்பார்ட்மெண்ட்டுகளையும் மட்டும் கேட்டோம். ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகர்ப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் தமிழைச் சரளமாகப் பேசி வளரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைக் கேட்கவில்லை. பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு என்று நாங்கள் அமைத்த வகுப்பு உண்மையில் அவர்களுக்கு உரியது! இன்று வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு ‘சர்வே முடிந்தது’ என்கிறார்கள். அந்தக் குழுவில் இல்லாதவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

நீளமும் முக்கியம். 2025 செப்டம்பரில் கர்நாடக மாநிலப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆணையம் தொடங்கிய சமூக, கல்விக் கணக்கெடுப்பில் 60 கேள்விகள். மாநிலத்தின் பெரிய தேவைக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் பதில் சொல்பவன் மனிதன். முதல் பத்துக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும் நானே, கேள்விகள் நீளும்போது ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்ட ஆரம்பித்துவிடுவேன். சின்ன ஆய்வு செய்பவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ‘இந்தப் பதில் வந்தால் நான் என்ன செய்வேன்?’ என்று தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடலாம். எளிதான கேள்விகள் முதலில், வருமானம் போன்ற கூச்சம் தருபவை கடைசியில். அச்சடிப்பதற்கு முன்னால், ஆய்வில் சேராத சில வீடுகளில் கேட்டுப் பார்த்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். சோறு பதம் பார்க்காமல் பந்தியில் பரிமாறுவது உண்டா?

திருத்திய தாள்

இரண்டாம் முறை நான் தயாரித்த தாளில் ஆறே கேள்விகள். ‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா?’ போய், அந்த இடத்தில் இவை வந்தன. நேற்று இரவுச் சாப்பாட்டின்போது நீங்கள் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசினீர்கள்? பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னது? ஊரிலிருந்து தாத்தா பாட்டி கடைசியாகப் போன் செய்தபோது பிள்ளை யார் உதவியும் இல்லாமல் பேசியதா, நடுவில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததா? தலைப்பில், ‘இது யாரையும் குறை சொல்ல அல்ல, வகுப்பைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கவே’ என்று எழுதினோம். பெயர் எழுதும் இடத்தை விருப்பத்துக்கு விட்டோம்.

இம்முறை வந்த தாள்களைப் படித்தபோது மனசு கனத்தது. பலர் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். போன் பேச்சில் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதிய ஒரு தாய், பக்கத்திலேயே ‘என் அம்மாவுக்கு இது தெரியாது’ என்று சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்காகவே மறுபடி வகுப்பு தொடங்கினோம். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு ஒன்று, புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பேச்சும் பாட்டும் கதையுமாக இன்னொன்று.

நிறைவாக ஒன்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு இது. வீட்டாரே விவரங்களைப் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் போனைக் கையில் வைத்திருப்பது பிள்ளைகள்தான். தாய்மொழி என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என்று பிள்ளை கேட்டால், ‘ஏதாவது போடு’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கேள்வியின் பொருள் என்ன என்று சொல்லுங்கள். சிறு வயதில் அம்மா உங்களிடம் எந்த மொழியில் பேசினாள் என்பதுதான் அது. அறிந்த பிற மொழிகளில் கன்னடத்தையும் பெருமையோடு சொல்லுங்கள்; நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி அது.

பிறகு அந்தப் பிள்ளையிடம் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி: ‘நேத்து பாட்டிகிட்ட என்ன பேசினே?’ அதை ஏவல்வினாவாகக் கேட்க வேண்டாம். தெரியாமல்தான் கேட்கிறோம் என்று கேளுங்கள்.